ஆளில்லா விமானமும் ஆளுடைய பொறுப்பும்

ஒரு செயலைச் செய்பவன் அச்செயலால் விளையும் தீங்கில் தானும் பங்குகொள்ள நேரும் என்ற நிலை, அறநூல்கள் தோன்றுவதற்கு முன்னரே மனிதனைக் கட்டுப்படுத்தி வந்த கடிவாளமாகும். தோணியைச் செலுத்துபவன் பயணிகளோடு தானும் தோணியில் இருக்கின்றான். விமானியும் தன் பின்னே அமர்ந்திருப்போரோடு தானும் வானில் இருக்கின்றான். அவன் நல்லவனா, தீயவனா என்று நாம் ஆராய்வதில்லை; அவனுடைய உயிரே நமது உயிருக்குப் பிணையாக நிற்கின்றது. இன்று ட்ரோன் என வழங்கப்படும் ஆளில்லா விமானம் இப்பிணையை நீக்கிவிட்டது. அது வீழுமாயின் கருவி மட்டுமே வீழ்கின்றது. அதனை இயக்கியவன் தரையில் நலமாக நிற்கின்றான். இக்கருவியைப் பற்றிய பாதுகாப்புப் பிரச்சினைகளும் சட்டச் சிக்கல்களும் பலவாயினும், அவற்றுட் பெரும்பாலானவை செய்பவனுக்கும் செயலுக்கும் இடையே நேர்ந்த இப்பிரிவிலிருந்தே கிளைக்கின்றன எனலாம்.

கிரேக்க ஞானியான பிளேட்டோ தமது 'குடியரசு' என்னும் நூலில் ஓர் இடையனின் கதையைக் கூறுகின்றார். அவனுக்குக் கிடைத்த மோதிரத்தைத் திருப்பியதும் அவன் பிறர் கண்ணுக்குப் புலனாகாது மறைந்துவிடுவான். அம்மோதிரத்தின் துணையால் அவன் அரசனைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றுகின்றான். தன்னை எவரும் காணார் என்ற உறுதி கிடைத்த பின்னரும் நீதியில் நிலைத்து நிற்பவன் யார் என்பதே அக்கதை எழுப்பும் வினா. அன்று கற்பனையில் மட்டும் இருந்த மோதிரம் இன்று கடைகளில் விற்பனையாகின்றது.

2018 டிசம்பர் 19ஆம் திகதி இரவு, இலண்டனை அடுத்த கட்விக் விமான நிலையத்தின் அருகே ஆளில்லா விமானம் காணப்பட்டதாகத் தகவல் கிடைத்தது. நத்தார்க் காலத்து நெரிசலின் நடுவே ஓடுபாதை மூடப்பட்டது. 21ஆம் திகதி வரை நீடித்த இக்குழப்பத்தால் ஏறத்தாழ 1,000 விமானப் பயணங்கள் பாதிக்கப்பட்டன. சுமார் 1,40,000 பயணிகள் அல்லலுற்றனர். இதற்குக் காரணமானவர் எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. ஆயின் குற்றமற்ற தம்பதியர் இருவர் கைது செய்யப்பட்டனர். அவர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. பின்னர் விடுவிக்கப்பட்ட அவர்களிடம் பொலிசார் மன்னிப்புக் கோரி, 2020இல் இழப்பீடும் வழங்கினர். செய்தவன் மறைந்திருக்கும்போது பழி அந்தரத்தில் நிற்பதில்லை. அயலில் அகப்பட்டவர் தலையில் அது இறங்குகின்றது.

மறைவு ஒருபுறமிருக்கத் தொலைவும் தீங்கு விளைக்கவல்லது. 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பலிசேட்ஸ் பகுதியில் பெருந்தீ பரவியபோது, அதனைப் பார்க்க விரும்பிய ஒருவர் தமது ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டார். ஏறத்தாழ 2.5 கிலோ மீற்றர் சென்று அவர் பார்வைக்கு மறைந்த அது, தீயணைப்பு விமானமொன்றின் இறக்கையில் மோதித் துளையிட்டது. அவ்விமானம் சில நாட்கள் பணியிலிருந்து விலக்கப்பட்டது. அம்மனிதருக்கு எவர்மீதும் பகையில்லை. ஆனால் திரையில் தீயைக் கண்டவருக்கு அது காட்சியாயிற்றே அன்றி, அதனுள் போராடிக்கொண்டிருந்த மனிதர் புலப்படவில்லை.

இவற்றை மனங்கொண்டு நோக்குமிடத்து, சட்டங்களின் உட்பொருள் தெளிவாகின்றது. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையே, விமானியற்ற விமானம் ஒரு நாட்டின் மேலாக அந்நாட்டின் விசேட அனுமதியின்றிப் பறத்தலாகாது என விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சாதாரண பாவனைக்குரிய கருவி 120 மீற்றர் உயரத்தைத் தாண்டாமலும் இயக்குபவரின் கண்பார்வைக்கு உட்பட்டும் பறத்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 2023 முதல், பதிவுக்குரிய கருவிகள் பறக்கும்போதே தம் அடையாளத்தையும் இயக்குபவரின் இருப்பிடத்தையும் வானொலி அலை மூலம் அறிவித்தல் வேண்டும். முன்னைய விதி கையிலிருந்து பிரிந்த கண்ணை மீண்டும் கையோடு சேர்க்க முயல்கின்றது. பின்னையது செயலிலிருந்து பிரிந்த பெயரை மீண்டும் செயலோடு பிணைக்க முயல்கின்றது.

தீங்கு செய்ய நினைப்பவன் பதிவு செய்வானா எனச் சிலர் வினவுவர். செய்யான் என்பது உண்மையே. எனினும் பிறர் அனைவரும் பதிவு செய்திருப்பின், குற்றமற்றவர்மீது ஐயம் படரும் எல்லையேனும் சுருங்கும். அவ்வாறாயின் கருவியை முற்றாகத் தடைசெய்துவிடலாமே என்பர் வேறு சிலர். மலைநாடாகிய ருவாண்டாவில் 2016 முதல் ஆளில்லா விமானங்கள் தொலைவிலுள்ள வைத்தியசாலைகளுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்கின்றன. அந்த இரத்தத்துக்காகக் காத்திருக்கும் நோயாளியின் முன்னே முழுத்தடையை நியாயப்படுத்துதல் அரிது.

இவற்றிலும் கடினமான வினா ஒன்றுண்டு. குடிமகனின் விளையாட்டுக் கருவிக்கும் பெயரும் இலக்கமும் கேட்கும் அரசு, தன் கருவிக்கு யாரிடம் கணக்குக் காட்டுகின்றது? 2021 ஆகஸ்ட் 29ஆம் திகதி காபூல் நகரில் அமெரிக்க ஆளில்லா விமானமொன்று நடத்திய தாக்குதலில், ஏழு சிறுவர்கள் உட்படப் பொதுமக்கள் பத்துப்பேர் உயிரிழந்தனர். தவறு நிகழ்ந்ததென அடுத்த மாதமே அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் ஏற்றுக்கொண்டது; ஆயினும் படையினர் எவரும் தண்டிக்கப்படமாட்டார் என அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. கட்விக்கில் செய்தவன் யாரென்று தெரியாமையால் பொறுப்பு மறைந்தது. காபூலிலோ செய்தவர் யாரென்று தெரிந்திருந்தும் அது மறைந்தது. ஆணையிட்டவர், படம் பார்த்தவர், பொத்தானை அழுத்தியவர் எனப் பலருக்குப் பகிரப்பட்ட பொறுப்பு, ஈற்றில் எவருக்கும் உரியதாகாது போயிற்று.

ஆதலால் பெயரறிவிப்பது மட்டும் அறமாகிவிடாது. பெயருக்கு உரியவர் பதிலும் கூறல் வேண்டும். குடிமகனுக்கு ஒரு நீதியும் அரசுக்கு வேறொரு நீதியுமாக அமையும் விதி, பாதுகாப்பு விதி எனப் பெயர் பெறினும், வலியவரின் வசதிக்கான விதியே ஆகும். விமானத்தில் ஆளில்லை என்பது பொறியியல் கண்ட உண்மை. அதன் பின்னே ஆளில்லை என்று கூற எவருக்கும் உரிமையில்லை. எந்த அரசுக்கும் உரிமையில்லை.