வாயிற்படியில் நின்ற மருத்துவம்

உழைப்பவர் உடல் யாருக்குச் சொந்தம்? உழைப்பவருக்கே என்று உடனே விடை வரும். அந்த உடல் உழைப்பினாலேயே கெடும்போது, அதைச் சீர் செய்யும் கடமை யாரைச் சார்ந்தது? இங்கேதான் நாக்குத் தடுமாறுகிறது. இலாபத்தில் பங்கு கேட்க ஓடிவருவோர், இருமலில் பங்கு கேட்க வருவதில்லை!

கேள்வியைக் கடையநல்லூருக்கு எடுத்துச் செல்வோம். தென்காசிக்கு வடக்கே, மலையடிவாரத்தில் உள்ள உழைப்பாளர் ஊர். தெருவுக்குள் நுழைந்தால் புகையிலை நெடி மூக்கைத் துளைக்கிறது. மடியிலே சுளகு, சுளகிலே வெட்டிய இலையும் தூளும், விரலிலே நூல். குனிந்த தலை நிமிராமல் பீடி சுற்றுகின்றனர் தாய்மார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நிமிர்ந்தால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் உலை கொதிக்காது.

தூள் மூச்சோடு நெஞ்சுக்குள் செல்கிறது. நிக்கோட்டின் நஞ்சு தோல்வழியே குருதியில் கலக்கிறது. கழுத்து கடுக்கிறது, தலை சுற்றுகிறது. "தலைவிதி" என்கிறாள் தாய். "கண்ணேறு பட்டிருக்கும்" என்கிறாள் அண்டை வீட்டுக்காரி. விதியுமன்று, கண்ணேறுமன்று தாயே, புகையிலைத் தூள்!

இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டிலேயே நூல் எழுதினார். புகையிலைத் தொழிலாளருக்கென அதில் தனி அதிகாரமே உண்டு. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்குமாறு மருத்துவர்களுக்குச் சொன்னார் அவர்: நீ என்ன தொழில் செய்கிறாய்? ஒரே கேள்விதான், ஊழ்வினைக் கோட்டையில் அது போட்ட ஓட்டை பெரிது. காரணம் தெரிந்துவிட்ட நோய்க்குக் கடவுள்மீது பழிபோட்டுப் பயனில்லை. கணக்குப் புத்தகத்தைத்தான் புரட்டவேண்டும்.

சட்டம் சும்மா இருந்ததா? இல்லை. 1948இல் தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டம் பிறந்தது. அத்திட்டம் 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955இல் கோவைக்கு வந்தது. நோயுற்ற ஆலைத் தொழிலாளிக்கு மருத்துவமும், நோய்க்கால உதவித்தொகையும் கிடைத்தன. நல்லதே. ஆனால் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுவோருக்கு ஆலை ஏது, ஆலை வாயில் ஏது?

மூலப்பொருள் வாங்கி வீட்டிலிருந்து சுற்றுபவளும் தொழிலாளியே என்று 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் ஒப்புக்கொண்டது. 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. பீடிமீது தீர்வை விதித்து, மருத்துவத்துக்கும் செலவிட்டனர். நெல்லைச் சீமையில், முக்கூடலில் மருத்துவமனையும் எழுந்தது. 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது அந்தத் தீர்வை நீக்கப்பட்டது. தீர்வை இருந்த நாளிலும், கடையநல்லூர்த் தாய் முக்கூடல் சென்று திரும்ப ஒரு பகல் வேண்டும். ஒரு பகல் என்றால் ஒரு நாள் கூலி. மருந்து இலவசம், மருத்துவரைக் காண்பது இலவசமன்று!

2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாயிலுக்கே மாத்திரையைக் கொண்டுசென்றது. 2024இல் தொழிற்கூடங்களுக்குள்ளும் அது நுழைந்து இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் சோதித்தது. மருத்துவம் நடக்கும், தேடி வரும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. வீடே தொழிற்கூடமாகிவிட்ட இடத்தில், அந்தத் தொழிலின் நோயையும் அது தேடவேண்டும் என்பதே நம் வழக்கு.

"நோயற்ற தொழிலாளி மிகுதியாக உற்பத்தி செய்வார், மருத்துவ வசதி முதலாளிக்கே ஆதாயம்" என்று வாதாடுவோர் உளர். நோக்கம் நல்லது, வாதம் ஆபத்தானது. வண்டி மாட்டுக்கு இலாடம் கட்டுபவனும் அதைத்தானே சொல்கிறான்? ஆதாயத்துக்காகத் தரும் மருத்துவம், ஆதாயம் நின்ற அன்றே நின்றுவிடும். நாற்பதாண்டு சுற்றி, கண் மங்கி, சுளகை இறக்கிவைத்த மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். பதிவேட்டிலிருந்து அவள் பெயர் நீங்கிவிட்டது. நெஞ்சிலிருந்து இருமல் நீங்கவில்லை. தாயருகே தொட்டிலில் உறங்கும் குழந்தையின் பெயர் பதிவேட்டில் ஏறவேயில்லை. அதுவும் அதே தூளைத்தான் சுவாசிக்கிறது. உற்பத்திக் கணக்கில் இவ்விருவருக்கும் இடமில்லை. அறத்தின் கணக்கிலோ இவர்களுக்கே முதலிடம்!

கூலி, சுற்றிய பீடிக்கு விலை. தேய்ந்த உடலுக்கு விலை அதில் அடங்கவில்லை. அந்தப் பழைய பாக்கியின் பெயர்தான் மருத்துவம். பாக்கியைத் தீர்ப்பவர் வள்ளலும் அல்லர். பெறுபவள் இரவலரும் அல்லள்.

"பீடியே நஞ்சாயிற்றே, தொழிலையே ஒழித்துவிடலாமே" என்பர். மாற்றுத் தொழிலைத் தந்து ஒழிக்கட்டும், மகிழ்வோம். அதுவரை அவள் நுரையீரல் காத்திருக்குமா?

வழி எளிது. சுற்றிய பீடியை ஒப்படைக்கக் கடைக்கு வந்தே தீரவேண்டும். அங்கே கட்டை எண்ண ஆள் உண்டு. கழிவு பார்க்க ஆள் உண்டு. மாதம் ஒருநாள் மருத்துவர் ஒருவரும் அங்கே அமரட்டும். செலவு, வேலை கொடுக்கும் கம்பெனியைச் சேரட்டும். சுற்றுவதை விட்டவளும், தொட்டில் குழந்தையும் அங்கே வரட்டும்.

இளைஞர்களே! உங்கள் தெருவிலிருந்தே தொடங்குங்கள். மருத்துவமனைக்குச் செல்லும் தாய்மாருடன் செல்லுங்கள். பெயர், வயது எழுதும் சீட்டில், 'தொழில்: பீடி சுற்றுதல்' என்றும் எழுதச் செய்யுங்கள். விதியின்மீது எழுதப்பட்டுவந்த கணக்கு, அந்த ஒரு வரியால் உரியவர் பெயருக்கு மாறும்.