உங்களுக்கு என்ன வேலை?

நீட் முதுநிலைத் தேர்வில் முன்னணி இடம் பிடித்தவர்கள் எதை எடுக்கிறார்கள்? கதிரியக்கவியல், பொது மருத்துவம், தோல். ஏன் தோல் என்று கேட்டுப்பாருங்கள், பதில் தயாராக இருக்கும். இரவுப் பணி குறைவு. கண்ணெதிரே உயிர் போவது அரிது. ஆத்திரத்தோடு வார்டுக்குள் புகும் கூட்டம் இல்லை. லேசரும் முடி நடுதலும் கைகொடுத்தால் சொந்த கிளினிக்கில் நல்ல வருமானம்.

இதற்காக அவர்களைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பயிற்சி மருத்துவரை 36 மணி நேரம் தொடர்ந்து நிற்கவைத்துவிட்டு, 'மருத்துவர் தெய்வம்' என்று மேடையில் பேசுவது யாருக்கு வசதி? தெய்வம் ஓய்வு கேட்காது. மனிதர் என்று ஒப்புக்கொண்டால் கூடுதல் ஆள் போட வேண்டிவரும். தூங்க நினைப்பது குற்றமல்ல.

என் கேள்வி வேறு. தோலைத் தேர்ந்தெடுத்தீர்கள், சரி. யாருடைய தோலை?

திருப்பூர் சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவரின் கையைப் பாருங்கள். விரலிடுக்கில் வெடிப்பு, நகத்தைச் சுற்றி நீலம். கையுறை தந்திருந்தாலும் ஈரத்துணி வழுக்குகிறது, வேலை ஓடவில்லை என்று கழற்றி வைத்திருப்பார். ஷிப்ட் முடிந்ததும் கறை போகப் பிளீச்சிங் தண்ணீரிலோ ஹைட்ரோஸ் என்னும் சாயநீக்கியிலோ கையைக் கழுவுவார். சாயம் விட்டுவைத்த தோலை அது தின்றுவிடும். அரிப்பு தாங்காமல் மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்குவார். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே ஆணையிட்டது. இருந்தும் கேட்டால் கிடைக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். மூன்றாம் நாள் அதே தொட்டி, அதே கை.

எந்த ரசாயனம் ஒவ்வவில்லை என்று கண்டுபிடிக்கப் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. சந்தேகப்படும் ரசாயனங்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. சாயத்தொட்டி ஓரம் நிற்கிறவருக்கு அது இரண்டு நாள் கூலி. அந்தக் கூலியை யார் தருவது?

நொய்யல் ஆற்றில் சாயநீர் ஓடியபோது விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. ஆற்றுக்காகப் பேச ஆள் இருந்தது. இந்தக் கைக்காக?

சட்டம் ஒருவரைக் கைகாட்டியிருக்கிறது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ரசாயனத்தால் வரும் தோலழற்சி இருந்தது. அதைக் காணும் மருத்துவர் தாமதமின்றித் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது அதன் 89-ஆம் பிரிவு. 2025-இல் அதன் இடத்துக்கு வந்த 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்தக் கடமையைக் கைவிடவில்லை. தோல் மருத்துவரே, நீங்கள் கடைசியாக எப்போது எழுதினீர்கள்?

இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-லேயே சொன்னார்: நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'உங்களுக்கு என்ன வேலை?' என்பதையும் சேருங்கள் என்று. நம் ஓ.பி. சீட்டில் அந்த இடத்தில் 'கூலி' என்று ஒரு சொல் எழுதி முடித்துவிடுகிறோம். என்ன கூலி? எந்தத் தொட்டி? நாளைக்கு எத்தனை மணி நேரம்?

படிக்கும் நீங்களும் தப்ப முடியாது. பெண் பார்க்கும்போது 'நல்ல நிறம்' கேட்டது யார்? வெண்புள்ளி தொற்றாது என்று தெரிந்த பிறகும் அந்த வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்றது யார்? குணப்படுத்தும் கூட்டுமருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்தும், தொழுநோயை முன்வினை என்று முணுமுணுக்கிற வாய் யாருடையது? நிறம் மாற்றித் தரும் கிளினிக்கில் கூட்டம் சேர்ப்பது நம் காசு. இளம் மருத்துவர் சந்தையைப் பார்த்துத்தான் நடக்கிறார், சந்தையோ நாம்தான்.

'ஆய்வாளருக்கு எழுதினால் அந்தத் தொழிலாளிக்கு வேலை போய்விடுமே' என்பார்கள் மருத்துவர்கள். ஒரே ஒரு மருத்துவர், ஒரே ஒரு தொழிலாளிக்காக எழுதினால் போகக்கூடும். திருப்பூரின் அவிநாசி சாலையிலும் பல்லடம் சாலையிலும் உள்ள தோல் மருத்துவர்கள் எல்லோரும், பார்க்கிற ஒவ்வொரு கைக்கும் எழுதினால் யாரைப் பொறுக்கியெடுத்து நீக்குவார்கள்? தொழிலால் வந்த தோல் நோயை வேலையில் நேர்ந்த காயமாகவே இ.எஸ்.ஐ. திட்டம் கணக்கில் எடுக்கிறது. அந்த உரிமையைக் கேட்கத் தொழிலாளிக்கு மருத்துவர் எழுதிய தாள் வேண்டும். 2022-இல் திறந்த திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து நாளை ஒருவர் தோலை எடுப்பார். வேலைநேரம் வசதியானது என்பதால் எடுத்தாலும் பரவாயில்லை. அந்த நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி அந்தத் தாளை எழுதட்டும்.