ஆபத்தை அளப்பவனும் ஏற்பவனும்

தொழிற்றலங்களில் நேரக்கூடிய தீங்குகளை முன்கூட்டியே இனங்கண்டு, அவற்றின் அளவை மதிப்பிட்டு, அவற்றை நீக்கவோ குறைக்கவோ வழிகாணும் முயற்சி இன்று ஒரு தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது. பொறியியலாளரும் மருத்துவரும் சட்ட அறிஞரும் இத்துறைக்கு உரிமை கொண்டாடுவர். மெய்யியலாளர் இதன்பால் நாட்டஞ் செலுத்தியமை குறைவே. ஆயினும் இதன் அடித்தளத்தில் அறவியல் சார்ந்த வினா ஒன்று தீராது கிடக்கின்றது. ஒருவருடைய உடலுக்கு நேரக்கூடிய தீங்கை இன்னொருவர் கணித்து, 'இவ்வளவு ஏற்கத்தக்கது' என்று தீர்மானிப்பது எவ்வகையில் நியாயமாகும் என்பதே அவ்வினா.

இத்துறையினர் ஆபத்து, இடர் என்னும் இரு சொற்களையும் வேறுபடுத்தியே வழங்குவர். காப்பில்லாத கூரை விளிம்பு ஓர் ஆபத்து. அங்கிருந்து ஒருவர் விழுவதற்குள்ள வாய்ப்பையும் விழுந்தால் நேரும் கேட்டின் கடுமையையும் சேர்த்து நோக்குமிடத்துப் பெறப்படுவது இடர். வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணும், கடுமைக்கு அவ்வாறே ஓர் எண்ணும் இட்டுப் பெருக்கி, வரும் தொகை கொண்டு எதனை முதலிற் கவனிப்பது என்று முடிவு செய்வது பெருவழக்கு. இம்முறை பயனற்றதன்று, கண்மூடித்தனமாக இயங்குவதிலும் எண்ணியியங்குவது மேலானதே. ஆனால் 'எவ்வளவு' என்பது அளந்தறியத்தக்க வினா. 'இது போதுமா' என்பது அத்தகையதன்று. பெருக்கி வந்த தொகை முதல் வினாவுக்கு விடை கூறுவதுபோல் நின்று இரண்டாவதற்கும் விடை கூறிவிடுகின்றது. விழப்போகிறவர் யார், விளிம்புக்கு வேலி அமைக்காமையால் மிஞ்சும் பணம் யாருடையது என்பன அவ்வட்டவணையில் இடம்பெறுவதில்லை.

தொழிலாளி ஆபத்தை அறிந்தே வேலைக்கு வருகின்றான், ஆதலின் அவன் அதற்கு உடன்பட்டவனாவான் என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் மறுமொழி. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1891ஆம் ஆண்டில் தீர்த்துவைத்த சிமித் எதிர் பேக்கர் என்னும் வழக்கு இவ்விடத்திற் கருதற்பாலது. புகையிரதப் பாதை அமைப்பதற்காகப் பாறையிலே துளையிட்டுக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரின் தலைக்கு மேலாகப் பாரந்தூக்கி கற்களைச் சுமந்து செல்வது வழக்கம். எச்சரிக்கை செய்யப்படுவதில்லை. ஒருநாள் கல்லொன்று வீழ்ந்து அவரைக் காயப்படுத்தியது. அவர் ஆபத்தை அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. அறிந்தும் வேலையைத் தொடர்ந்தார் என்பது கொண்டே அவர் அதற்கு இசைந்தார் என்று கொள்ளவியலாது எனப் பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர். பிரம்வெல் பிரபு மாத்திரம் உடன்படவில்லை. கூலி ஆபத்துக்கு ஈடாகும் என்று கருதியே அத்தொழிலாளி வேலை செய்தார். பேரம் தமக்கு எதிராகத் திரும்பிய பின்னர் நட்டஈடு கேட்பது முறையன்று என்பது அவர் வாதம்.

பிரம்வெல்லின் கருத்தை எளிதில் தள்ளிவிடுதல் தகாது. மனிதன் தன் வாழ்வைப் பற்றித் தானே தீர்மானிக்கும் உரிமையுடையவன் என்னும் உயர்ந்த கொள்கையே அதன் பின்னணியில் உளது. ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவனையோ மலையேறுபவனையோ தடுக்க எவரும் முற்படுவதில்லை. ஆனால் அக்கொள்கை, தெரிவு என்பது உண்மையில் உளதாயின் மாத்திரமே பொருந்தும். அதம் சிமித் 1776இல் வெளியிட்ட நூலில், கடினமும் அருவருப்பும் மிக்க தொழிலுக்குக் கூலி உயர்ந்திருக்கும் என்று காட்ட முயன்றார். 1848இல் யோன் சுடுவாட் மில் நடைமுறை இதற்கு நேர்மாறானது என எடுத்துரைத்தார். மிகவும் வருத்தும் தொழில்களே மிகக் குறைந்த கூலிக்குச் செய்யப்படுகின்றன, ஏனெனில் வேறு வழியற்றோரே அவற்றைச் செய்கின்றனர் என்பது மில் கண்ட உண்மை. ஆபத்தின் விலை கூலியில் அடங்கியுள்ளது என்போர் கூலிச்சீட்டு ஒன்றையேனும் எடுத்துப் பார்த்தல் நன்று.

இனி, ஏற்கத்தக்க அளவு எது என்பதைச் சட்டம் எவ்வாறு வரையறுத்தது என்று நோக்கலாம். 1949ஆம் ஆண்டில், சுரங்கப் பாதையின் பக்கச்சுவர் சரிந்து தொழிலாளி ஒருவர் மாண்டமை தொடர்பாக, எட்வேட்சு எதிர் தேசிய நிலக்கரிச் சபை என்னும் வழக்கில் அசுகுவித் நீதிபதி ஒரு தராசைக் காட்டினார். ஒரு தட்டில் இடர். மறு தட்டில் அதனை நீக்குவதற்கு வேண்டிய பணம், காலம், முயற்சி. இரண்டாவது தட்டு பெரிதும் விஞ்சிப் பாரமாயிருப்பின் மாத்திரமே முதலாளி பொறுப்பினின்று விடுபடுவார். அதனை நிறுவும் கடமையும் அவருடையதே. தட்டுகள் சமமாயிருந்தால் வெற்றி தொழிலாளியுடையது என்பதும், அவ்வழக்கிற் சபை தோற்றது என்பதும் பலராலும் மறக்கப்படுகின்றன.

எனினும் இத்தராசு எல்லாவிடத்தும் செல்லாது. 1955இல் பிரபுக்கள் சபைக்கு வந்த வேறொரு வழக்கில், சாணைச் சில்லிற் பெருவிரல் காயமுற்ற தொழிலாளிக்கு எதிராக, சில்லை முற்றாக மூடினால் அதைக்கொண்டு வேலை செய்யவே முடியாது என்று வாதிடப்பட்டது. ஆபத்தான இயந்திரப் பகுதி காப்பிடப்படவேண்டும் என்று சட்டம் கூறின் அது கூறியதே முடிவு. இயந்திரம் பயன்படாது போகுமென்பது விடையாகாது என்று நீதிபதிகள் தீர்த்தனர். பிரித்தானிய முறையைத் தழுவி எழுந்த இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலும் இயந்திரங்களுக்குக் காப்பிடல் முக்கிய இடம்பெறுகின்றது. எடைபோட்டுப் பார்க்கும் மனமும், எடைபோடவே மறுக்கும் மனமும் ஒரே சட்ட மரபினுள் அருகருகே வாழ்கின்றன. விலையுடைய பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், மாண்புடையதற்கு ஈடு இல்லை என்று காண்ட் 1785இற் செய்த பாகுபாட்டை அந்நீதிபதிகள் எண்ணியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர்களின் தீர்ப்பு அதற்கு அணித்தாகவே நிற்கின்றது.

எடைபோடுதலே குற்றம் என்று கூறலாமா? கூறவியலாது. இடரே இல்லாத சுரங்கம் மூடப்பட்ட சுரங்கந்தான். வள்ளுவரும் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தில் இழப்பையும் பேற்றையும் எண்ணிப் பார்த்தே வினையில் இறங்குமாறு பணிக்கின்றார். ஆனால் அங்கே எண்ணுபவன் தன் வினையைப் பற்றியே எண்ணுகின்றான். இழப்பு நேரின் அவனும் இழக்கின்றான். (அது அரசனுக்குக் கூறப்பட்டதென்றும், அரசன் எண்ணத் தவறின் மாள்பவன் படைவீரனே என்றும் வாதிப்போர் உளர். அவ்வாதத்திலும் உண்மை இல்லாமலில்லை.) தொழிற்றலத்தில் எண்ணும் தலை ஒன்று, சில்லில் அகப்படும் கை வேறொன்று. தராசின் குறை அங்கேதான் உளது. தட்டுகளில் இருப்பவற்றிலும் பார்க்க, தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதே முதலிற் கேட்கத்தக்கது.

வங்காளதேசத்தின் சாவாரில் 2013 ஏப்ரல் 24இல் இடிந்து வீழ்ந்த ராணா பிளாசா இதனை விளக்கப் போதுமானது. முதல்நாளே சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. கட்டடம் பாதுகாப்பற்றது என்று பொறியியலாளர் ஒருவர் எச்சரித்திருந்தார். கீழ்த்தளங்களில் இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மூடப்பட்டன. மேல்மாடிகளின் ஆடைத் தொழிலாளர் மாத்திரம் மறுநாட் காலை திருப்பி அழைக்கப்பட்டனர். வராவிடிற் கூலி கிடையாது என்று அச்சுறுத்தப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்பு அனைவருக்கும் தெரிந்ததே, கட்டடமும் ஒன்றே. ஆகவே அறியாமை அங்கே காரணமன்று. இடர் மதிப்பீட்டிலே குறையிருந்தது என்றும் கூறமுடியாது. வங்கி அதனைச் சரியாகவே மதிப்பிட்டது. வங்கி ஊழியரையும் தையற் பெண்ணையும் பிரித்தது, வரமாட்டேன் என்று சொல்லும் ஆற்றல் ஒன்றே. மாத இறுதி நெருங்கியிருந்ததால் அப்பெண்ணிடம் அவ்வாற்றல் மேலும் குறைந்திருந்தது.

இந்நோக்கில், ஆபத்தைக் கட்டுப்படுத்தும் படிமுறையாகப் பாடநூல்கள் கூறுவதும் வேறொரு பொருள் தருகின்றது. ஆபத்தை அறவே நீக்குதல் முதலாவது. தீங்கு குறைந்த ஒன்றை அதன் இடத்தில் வைத்தல் அடுத்தது. பின்னர் இயந்திரக் காப்பு. பின்னர் வேலைமுறையை மாற்றல். கையுறையும் முகமூடியும் தலைக்கவசமும் ஈற்றிலேயே வருகின்றன. பயன்திறன் கருதியே இவ்வரிசை அமைந்ததென்பர். ஆயினும் மேலிருந்து கீழே வரவர, பொறுப்பும் முதலாளியிடமிருந்து தொழிலாளியின் உடலுக்கு இறங்கி வருவதைக் காணலாம். நண்பகல் வெயிலில் நஞ்சு தெளிக்கும் ஒருவருக்கு முகமூடியைக் கொடுத்துவிட்டு, வியர்வை தாளாது அவர் அதைக் கழற்றும்போது 'கவனயீனம்' என்று எழுதிக்கொள்ளுதல் எளிது. பெரும்பாலான தொழிற்றலங்கள் ஈற்றுப் படியிலேயே தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்வதற்குச் செலவு மாத்திரம் காரணமன்று. பழி சுமத்துவதற்கும் அது வசதியானது.

அளப்பவனும் ஏற்பவனும் வேறானவராயிருக்கும்வரை, ஏற்பவனுக்கு மறுக்கும் உரிமை இருந்தாலன்றி எந்த மதிப்பீடும் அறநிலையில் முழுமை பெறாது என்றே கொள்ளவேண்டியுள்ளது. சர்வதேசத் தொழில் தாபனம் 1981இல் நிறைவேற்றிய 155ஆம் சமவாயம் இதனை ஓரளவு ஏற்றுக்கொண்டது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான பாரதூரமான ஆபத்து உண்டெனத் தகுந்த காரணத்துடன் நம்பி வேலையினின்று விலகுபவர், அதனால் வரும் முறையற்ற விளைவுகளிலிருந்து காக்கப்படவேண்டும் என்பது அதன் 13ஆம் உறுப்புரை. பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவு தொழிலாளி மேற் சுமத்தப்படலாகாது என்று 21ஆம் உறுப்புரை விதிக்கின்றது. பாதுகாப்பான தொழிற் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக அத்தாபனம் சேர்த்துக்கொண்டது 2022ஆம் ஆண்டிலேதான். எனினும் விலகி நின்றவரின் அன்றைய கூலியை யார் கொடுப்பது என்பதை 13ஆம் உறுப்புரை வெளிப்படையாகக் கூறவில்லை. அதனை ஒவ்வொரு நாட்டின் வழக்கத்துக்கும் நிலைமைக்கும் அது விட்டுவிடுகின்றது.