ஆழ்வாரின் யாத்திரையும் நம் யாத்திரையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மாசிப் புனர்பூசம் குலசேகரப் பெருமாள் திருவவதரித்த நன்னாள். திருவஞ்சிக்களத்தில் சேரர் குலத்தில் அவதரித்து நாடாளும் பொறுப்பை ஏற்ற இவ்வாழ்வார், 105 பாசுரங்கள் கொண்ட பெருமாள் திருமொழியை நமக்கு அருளிச்செய்தார். "அலுவலும் குடும்பமும் பயணமுமாக நாட்கள் ஓடுகின்றன; அடியார் கோஷ்டிக்கு நேரம் எங்கே?" என்று வருந்தும் நம் போன்றோர் அநுஸந்திக்க வேண்டியது இவருடைய சரிதம்.

நாள்தோறும் திருவரங்க யாத்திரையை ஆழ்வார் திருவுள்ளம் பற்றுவாராம். அரசர் சென்றால் திரும்பமாட்டார் என்று அஞ்சிய அமைச்சர்கள், அவர் புறப்படும் வேளையில் ஸ்ரீவைஷ்ணவர்களை எழுந்தருளச் செய்வராம். ஆழ்வாரோ அவர்களை உபசரிப்பதிலேயே ஈடுபட்டு, பயணத்தை மறுநாளைக்குத் தள்ளிவைப்பாராம். தடையாக அனுப்பப்பட்டவர்களையே அவர் பேறாகக் கொண்டார். பின்னர்க் குமாரருக்கு முடிசூட்டிவிட்டுத் திருவரங்கம் எழுந்தருளினார் என்று குருபரம்பரை வைபவம் கூறும்.

இந்த வைபவத்தின் உட்பொருளைப் பிரபந்தத்தின் அடைவிலேயே காணலாம். முதல் திருமொழியில் அரங்கனைக் காணும் நாள் என்றோ என்று ஏங்குகிறார். அடுத்த திருமொழியிலோ, அரங்கன் அடியார்களின் திரளைக் காண்பதே கண்பெற்ற பயன் என்று அவர்கள் திருவடித்துகளை விரும்புகிறார். எம்பெருமானுக்கு அடிமைப்பட்டிருப்பதன் எல்லைநிலம் அவனடியார்க்கு அடிமைப்பட்டிருத்தலே. ஆகையால் யாத்திரையும் கோஷ்டியும் ஒன்றுக்கொன்று போட்டியானவை அல்ல.

இதனை நாம் கற்றது ஏட்டில். உணர்ந்தது ஒரு பிழையில். வங்கிப் பணியில் இருந்த காலத்தில் பங்குனி மாதம் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியிலேயே கழியும். எம்பெருமானார் கத்யத்ரயம் விண்ணப்பித்த பங்குனி உத்திரத்தன்று மட்டுமே கிடைக்கும் சேர்த்தி ஸேவை நமக்குப் பல்லாண்டு எட்டாக்கனி. ஓய்வுபெற்றபின் பயணச்சீட்டு வாங்கிக் காத்திருந்தோம். புறப்படும் நாளன்று, நம் திருவாய்மொழி கோஷ்டியின் முதியவர் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்று செய்தி வந்தது. பிள்ளைகள் கடல்கடந்த தேசத்தில். நாம் தொலைபேசியில் நலம் விசாரித்துவிட்டு ரயில் ஏறினோம்.

நாச்சியாரும் நம்பெருமாளும் சேர்ந்திருந்த திருக்கோலத்தைக் கண்கள் சேவித்தன. நெஞ்சம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றது. திரும்பி வந்து பார்த்தபோது, இரவெல்லாம் துணையிருந்தவர் பாசுரம் ஒன்றும் அறியாத பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்தது. முதியவர் நம்மைக் கண்டதும், "சேர்த்தி ஸேவை நன்றாக ஆயிற்றா ஸ்வாமி? அடியேனுக்கும் சேர்த்துத்தானே தேவரீர் சேவித்தது?" என்றார். அவர் சொல்லில் குறை சிறிதும் இல்லை. அதுவே நம்மைத் தலைகுனியச் செய்தது.

அலுவலுக்கு இவ்வளவு, பெருமாளுக்கு இவ்வளவு, அடியாருக்கு மிச்சம் என்று பேரேட்டில் பற்று எழுதுவதுபோல் நேரத்தைப் பிரித்திருந்தோம். கணக்குச் சரியாக இருந்தது. கண்ணோட்டம் பிழையாக இருந்தது.

எம்பெருமானார் தம் சீடர்களுக்கு அருளிய சரம உபதேசத்தில், ஸ்ரீபாஷ்யம் கற்றுக் கற்பித்தலில் தொடங்கிப் படிப்படியாக எளிய வழிகளைக் காட்டி, ஒன்றும் இயலாதவன் தன்னை உகந்து அபிமானிக்கும் ஒரு ஸ்ரீவைஷ்ணவனின் நிழலில் ஒதுங்கி வாழட்டும் என்று முடித்தார். நேரமில்லாதவனுக்கும் அந்தக் கடைசிப் படி திறந்தே இருக்கிறது. ஆனால் அந்த நிழலில் ஒதுங்க, முதலில் அடியார்களோடு கூடியிருக்க வேண்டுமே!

ஆகவே எத்தேசத்தில் வாழ்ந்தாலும் வாரம் ஒரு நாழிகை கோஷ்டியில் அமர்வோம், இணையவழியானாலும் குறையில்லை. பயணம் போகும் ஊரில் சந்நிதியோடு அங்குள்ள அடியார்களையும் தேடிச் சேவிப்போம். கோஷ்டிக்கு வராதவர் ஏன் வரவில்லை என்று அன்றே விசாரிப்போம். புறப்படும் வேளையில் ஓர் அடியார் குறுக்கே வந்தால், அவரைத் தடையென்று எண்ணாதிருக்கும் நெஞ்சைக் குலசேகரப் பெருமாள் நமக்குத் தந்தருள்வாராக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.