காரைக்கு அடியில்

தகப்பன் ஆடு திருடினான். மகன் சாட்சி சொன்னான். தம் ஊரில் இப்படியொரு நேர்மையாளன் இருப்பதாக ஒரு சிற்றரசர் பெருமைப்பட்டபோது, தகப்பனுக்காக மகனும் மகனுக்காகத் தகப்பனும் மறைப்பதில்தான் நேர்மை இருக்கிறது என்ற பொருளில் கன்ஃபூசியஸ் பதில் சொன்னதாக ஒரு பழைய செய்தி. இதைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். ஆனால், ஷாங்காயில் ஒரு சனி ஞாயிறைக் கழித்தவனுக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

அறுபதைத் தாண்டிய ஊர்க்காரர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சனிக்கிழமை ஹுவாங்பு ஆற்றங்கரை. எதிர்க்கரையில் 632 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் ஷாங்காய் கோபுரம் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. இக்கரையில், 1923ல் திறந்த ஹாங்காங் ஷாங்காய் பாங்க் கட்டடம். நான் பாங்கில் வேலை பார்ப்பவன் என்பதால் அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். நுழைவுக் கூடத்தின் குவிமாடத்தடியில், சில்லுகள் பதித்த சித்திரங்களாக எட்டு நகரங்கள்: லண்டன், பாரிஸ், நியூயார்க், டோக்கியோ, பாங்காக், ஹாங்காங், ஷாங்காய், எட்டாவது கல்கத்தா.

1950களில் கட்டடம் நகர நிர்வாகத்தின் கைக்கு வந்தது. சித்திரங்களின் மேல் காரை பூசி மூடினார்கள். 1997ல் புதுப்பிக்கும் வேலையின்போது அவை மறுபடி வெளிப்பட்டன. இடைப்பட்ட நாற்பது வருஷங்களை நண்பர், ‘மூடி வைத்திருந்தார்கள், பிறகு திறந்தார்கள்’ என்று ஒரே மூச்சில் தாண்டினார். அவருடைய பிள்ளைப் பிராயம் முழுவதும் அந்த ஒரு மூச்சுக்குள் இருக்கிறது.

அவர் வாய் திறவாத மனிதர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மக்கள் பூங்காவில், விரித்த குடைகளின் மேல் பிள்ளைகளின் வயது, உயரம், சம்பளம் எழுதிய தாள்களைக் குத்தி, வரன் தேடி உட்கார்ந்திருந்த பெற்றோர்களைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். இன்றைய தினத்தின் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. ஓர் அறை மட்டும் பூட்டியிருந்தது. இது பொய்யா? திறக்கச் சொல்லும் உரிமை விருந்தாளிக்கு உண்டா?

சீன அரசின் அழைப்பில் 1972ல் அங்கே போய்ப் படமெடுத்தார் அந்தோனியோனி. காட்டியதைப் பார்த்தார், காட்டாததையும் பார்த்தார். ஹெனானில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு கிராமத்துக்குள் காமிராவோடு நுழைந்தார். 1974 ஜனவரியில் மக்கள் நாளிதழ் அவரைக் கடுமையாகத் தாக்கியது. நான்ஜிங் பாலம் ஆட்டம் கண்டது போலத் தெரியும்படி கோணம் வைத்தார் என்பதுகூட ஒரு குற்றச்சாட்டு. கன்ஃபூசியஸுக்கு எதிரான இயக்கமும் அதே சமயத்தில்தான் சூடு பிடித்தது. படம் பெய்ஜிங்கில் திரையிடப்பட்டது 2004ல்.

இதில் நான் கவனிப்பது வேறொன்றை. தாக்குதல் வந்தபோது அந்தோனியோனி சீனாவுக்கு வெளியே இருந்தார். அவரை அழைத்தவர்களும் கூட நடந்தவர்களும் சீனாவில் இருந்தார்கள். விருந்தாளியின் துணிச்சலுக்கு விலை கொடுக்க வேண்டியிருப்பது பெரும்பாலும் வீட்டுக்காரன். அடுத்தவன் கணக்கில் பற்று எழுதிவிட்டு வாங்கும் உண்மைக்கு நேர்மை என்று பெயர் சூட்டுவது கூச்சமில்லாத காரியம். என்றாலும் அவர் நுழைந்திராவிட்டால் அந்தக் கிராமத்து முகங்கள் இன்று நமக்கு இல்லை. இரண்டும் நிஜம்.

மூடியதால்தான் சித்திரங்கள் தப்பின என்று காரைக்காக வாதாடலாம். ஆனால் அது, காரை உதிர்ந்த பிறகு மட்டுமே சொல்லக்கூடிய வாக்கியம். உதிராத காரைக்கு அடியில் எது பத்திரமாக இருக்கிறது, எது கரைந்துபோயிற்று என்று யார் சொல்ல முடியும்?

ஆக, கன்ஃபூசியஸிடமே திரும்ப வேண்டியிருக்கிறது. மறைக்கும் சலுகையை அவர் மகனுக்குக் கொடுத்தார். விருந்தாளி மகன் அல்ல. நண்பரின் மௌனத்துக்குப் பின்னால் ஒரு தகப்பன் இருக்கலாம், ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு பயம் இருக்கலாம். என் மௌனத்துக்குப் பின்னால் எதுவுமில்லை. இலவசமாகக் கிடைத்த சௌகரியம் மட்டும்தான். அவர் எதிரில் நான் கேட்காமலிருப்பது மரியாதை. ஊர் திரும்பி, அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினால் அது மரியாதை ஆகாது, பொய்ச்சாட்சி. கேள்வியை அவர் தலையில் சுமத்தாமல் நானே சுமந்துகொண்டு வருவதுதான் நான் செய்யக்கூடியது.

அவர் பெயரை இங்கே எழுதாததும் ஒரு காரைப் பூச்சுதான். அதை உரிக்கும் உரிமை அவருடையது.