நித்திரையும் நிச்சயபுத்தியும்

ஒருவன் தன் அறிவு மழுங்கியிருந்த பொழுது செய்த பிழைக்கு அவனைக் குற்றவாளி என்றல் பொருந்துமோ? கட்குடித்தவனைக் குறித்து இவ்வினா எழின், குடிக்கத் துணிந்தபொழுது அவனறிவு தெளிந்திருந்தமையாற் குற்றம் அங்கேயே தொடங்கிற்றென யாவரும் எளிதில் விடை கூறுவர். நித்திரை துறந்தவனையோ உழைப்பாளியென்று புகழ்கின்றோம். இது தகுமாவென ஆசிரியர்களாகிய நாம் ஆராய்தல் வேண்டும்.

ஆன்மா கருவி கரணங்களைக் கொண்டே உலகப்பொருள்களை அறியுமென்பதும், அந்தக்கரணங்களுள் இஃது இன்னதென நிச்சயிப்பது புத்தியென்பதும் சித்தாந்த நூல் கற்றார் அறிந்தனவே. கருவி தளர்ந்துழி அறிவும் தளரும். அத்தளர்ச்சியை இக்காலத்து விஞ்ஞானிகள் அளந்துங் காட்டியுள்ளனர். 1997 ஆம் ஆண்டில் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆராய்ச்சியொன்றிலே, 17 மணிநேரம் விழித்திருந்தாருடைய செயற்றிறன், இரத்தத்தில் நூற்றுக்கு 0.05 வீதம் மதுசாரங் கலந்தாருடையதை ஒத்திருந்தது. சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர் 2007 இலும் 2011 இலும் வெளியிட்டவற்றால், ஓரிரவு உறங்காதார் பந்தயம்போன்ற தெரிவுகளைச் செய்யுங்கால், ஊதியத்தை எதிர்நோக்கும் மூளைப்பகுதி மிகக் கிளர்தலும், இழப்பை உணரும் பகுதி அடங்குதலும் அறியப்பட்டன. ஆகவே நித்திரையில்லாதவன் இழப்பது சுறுசுறுப்பு மாத்திரமன்று. அஞ்சத்தக்கதை அஞ்சும் விவேகத்தையும் இழக்கின்றான்.

இதனினுங் கொடியது, அவன் அவ்விழப்பை உணராமையேயாம். 2003 இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியிலே, நாடோறும் 6 மணிநேரமே உறங்கினார், 14 நாட்களின் பின், முழுவிரவு உறங்காதார் போலத் தளர்ந்திருந்தும், தம் தளர்ச்சியைப் பெரும்பாலும் அறிந்திலர்.

1986 தை 28 இல் சலஞ்சர் என்னும் விண்ணோடம் அழிந்து எழுவர் மாண்டனர். குளிரினால் இணைப்பு வளையங்கள் பழுதுறுமெனப் பொறியியலாளர் முன்னிரவிலேயே எச்சரித்தும், அதனை ஏவுதலே துணியப்பட்டது. விசாரணைக் குழுவினர், அத்துணிபிற் பங்குகொண்டோர் சிலரின் உறக்கக் குறைவையுங் கருதி, மிகையாக உழைக்கும் விருப்பம் பாராட்டத்தக்கதாயினும், பெருங்காரியங்களை நிச்சயிக்குமிடத்து அது கேடாகலாம் என்றனர்.

அற்றேல், சிவராத்திரியில் விழித்திருத்தல் விதிக்கப்பட்டதன்றோவெனின், விதிக்கப்பட்டதே. அவ்விரவின் நான்கு யாமத்தும் அடியார் சிவனையே சிந்தித்திருப்பரன்றிப் பிறருடைய உயிரையும் பொருளையும் பற்றி யாதும் நிச்சயிப்பாரல்லர். ஆதலின் அங்கே இழப்பார் ஒருவருமிலர். மறுநாட் காலையில் அவர் மோட்டார் வண்டி செலுத்தப் புகின், அவர்க்கும் மேற்கூறிய நியாயமே பொருந்தும்.

நடுச்சாமத்தில் விடைத்தாளைத் திருத்தி ஒரு பிள்ளையைச் சித்தியடையாதவனென்று குறிக்குமுன்னும், காலையில் அயர்ந்த கண்ணோடு ஒருவனைத் தண்டிக்கத் துணியுமுன்னும், எத்துணைநேரம் உறங்கினோமென நம்மை நாமே வினாவுதல் கடன். பரீட்சைக்கு முன்னிரவு முழுதும் விழித்த மாணாக்கனைப் புகழாதிருத்தலுங் கடன். தளர்ந்த புத்தி தன் தளர்ச்சியைத் தானறியாது. ஆதலால் அது தெளிந்திருக்கும்பொழுதே, விளக்கணைத்து உறங்கச் செல்லுதலும் அறத்தின் பாற்பட்டதேயாம்.