கடிவாளம் நழுவியது எப்போது?

உத்ஸவத்தை ஸேவிக்கப் பல ஊர்களிலிருந்தும் வந்து கூடியிருக்கிறீர்கள். முற்காலத்தில் யாத்திரை என்றால் கால்நடை, இல்லாவிட்டால் மாட்டு வண்டி. இன்றோ பேருந்திலும் வேனிலும் காரிலும் வந்து, பலர் அன்றிரவே ஊர் திரும்பிவிடுகிறோம். ஆகையால் யாத்திரை தர்மத்தைப் பற்றிப் பேச வருகிறவன் சாலையைப் பற்றியும் பேச வேண்டியவனாகிறான். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது போலீஸாரும் நீதிமன்றமும் கவனிக்க வேண்டிய விஷயமாயிற்றே, கோயில் மலரில் அதற்கென்ன இடம் என்று சிலர் கேட்கலாம். அதற்குள் ஒரு தத்துவ விசாரம் அடங்கியிருக்கிறது. அதைத் தெளிந்துகொண்டாலன்றி இக்கொடுமையைத் தடுக்கும் வழி புலப்படாது என்பது அடியேனுடைய எண்ணம்.

விசாரம் இதுதான். குடித்தவன் ஓட்டிய வண்டி மோதி ஓர் உயிர் போய்விடுகிறது. கூடி நிற்பவர்களில் யாராவது ஒருவர் சொல்லுவார்: "நல்ல மனிதன்தான், பாவம். அவனா செய்தான்? உள்ளே போனது செய்தது." புத்தி தன் வசத்தில் இல்லாதவனுக்குக் கர்த்ருத்வம் ஏது, கர்த்ருத்வம் இல்லாதவனுக்குப் பாவம் ஏது என்பது இப்பேச்சின் உட்பொருள். இது ஸரிதானா?

கடோபநிஷத்தில் யமதர்மராஜன் நசிகேதஸுக்கு ஒரு தேரைக் காட்டி உபதேசிக்கிறான். சரீரம் தேர்; அதில் வீற்றிருக்கும் ஆத்மா தேருக்கு உடையவன்; புத்தி ஸாரதி; மனம் கடிவாளம்; இந்திரியங்கள் குதிரைகள். இந்த உருவகத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் மதுவின் தனிக்கொடுமை நன்கு விளங்கும். மற்ற நோய்கள் குதிரையை நொண்டியாக்கும், அல்லது சக்கரத்தைத் தேய்க்கும். மதுவோ ஸாரதியையே முதலில் வீழ்த்துகிறது. கை தடுமாறுவதற்கும் கால் பின்னுவதற்கும் முன்பே, ஆபத்தை ஆபத்தென்று மதிப்பிடும் விவேகம் மங்கத் தொடங்கிவிடுகிறது என்றே வைத்திய சாஸ்திரமும் கூறுகிறது.

ஆகவேதான் குடித்தவன், "எனக்கு ஒன்றுமில்லை, நிதானமாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்வது பிரமாணம் ஆகாது. காமாலைக் கண்ணனுக்கு வெண்சங்கு மஞ்சளாகத் தோன்றும் என்பது நம் சாஸ்திரங்களில் வழங்கும் திருஷ்டாந்தம். கண் கெட்டிருக்கிறதா என்று அதே கண்ணைக் கொண்டு சோதிக்க முடியாது. மயங்கிய புத்தியிடம், "நீ மயங்கியிருக்கிறாயா?" என்று கேட்டுப் பெறும் விடையும் அத்தகையதே.

அப்படியானால், ஓட்டும்போது அவன் அறியாதவன்தானே என்று பூர்வபக்ஷி மறுபடியும் கேட்பான். உண்மைதான். ஆனால் முதற் குவளையை எடுத்தபோது அவன் அறிந்தவனாகவே இருந்தான். வண்டிச் சாவி தன் பையில் இருப்பதும், வந்த வழியே திரும்ப வேண்டும் என்பதும், குடித்தால் புத்தி மழுங்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். கடிவாளம் நழுவியது சாலையில் அன்று. அதை அவன் அறிந்தே கீழே வைத்துவிட்ட இடம் ஒன்று இருக்கிறது. கர்த்ருத்வம் அங்கே பூர்ணமாக இருக்கிறது. பாவத்தின் வேரும் அங்கேதான்.

நாட்டின் சட்டமும் இவ்வழியிலேயே செல்லுகிறது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 85, 86 என்னும் பிரிவுகளாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய ஸம்ஹிதையில் 23, 24 என்னும் பிரிவுகளாக விளங்கும் விதிகள் இரு வகையினரைப் பிரிக்கின்றன. தன் விருப்பத்துக்கு மாறாகவோ தனக்குத் தெரியாமலோ மயக்கப் பொருள் புகட்டப்பட்டு அறிவிழந்தவனுக்கு விலக்கு உண்டு. தானே விரும்பிக் குடித்தவனையோ, குடிக்காதவனுக்கு இருக்கக்கூடிய அறிவு உடையவனாகவே சட்டம் கருதுகிறது.

சுக்ராசார்யர் சரித்திரத்தை இங்கே நினைவுகூர வேண்டும். அஸுரர்கள் அவருடைய சிஷ்யனான கசனைக் கொன்று எரித்து, அச்சாம்பலை மதுவில் கலந்து அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அவர் அறியாமல் பருகினார். ஆயினும் அறியாமையைக் காரணம் காட்டி அவர் வாளாவிருக்கவில்லை. மது எவ்வளவு பெரிய ஞானியையும் ஏமாற்றவல்லது என்று கண்டு, தம் குலத்தார் இனி அதைத் தீண்டலாகாது என்று வரம்பு கட்டினார். அறியாமற் செய்தவரே அவ்வாறு செய்தாரென்றால், அறிந்து குடிப்பவன் சாக்குச் சொல்லலாமோ?

இரண்டாவது ஆக்ஷேபம் ஒன்று உண்டு. "பல வருஷங்களாகக் குடித்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே" என்பார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. மயங்கிய கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி தாமதித்தால், அந்த 16 மீட்டருக்குள் ஒரு குழந்தை குறுக்கே வருவதும் வராததும் அவன் கையில் இல்லை. அவன் செய்த காரியம் இரண்டு இரவுகளிலும் ஒன்றே. குழந்தை வராத இரவில் அவன் தர்மாத்மாவாகிவிடுவதில்லை. பிறருடைய உயிரைச் சூதாட்டத்தில் வைத்தவன், தோற்றாலும் வென்றாலும் சூதாடியே. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 185-ஆம் பிரிவும் விபத்து நேர்ந்ததா என்று கேட்பதில்லை. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மதுஸாரம் இருந்தால் அதுவே குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்பதும், காபி குடித்துக் குளித்தால் இறங்கிவிடும் என்பதும் பிரமையே. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் அளவே குறைக்கவல்லது. காபியும் தண்ணீரும் அதை விரைவுபடுத்தா. நள்ளிரவில் 150 மில்லிகிராம் ஏறியவன் காலை 6 மணிக்குத் திருமண் இட்டுக்கொண்டு புறப்பட்டாலும், அவன் ரத்தத்தில் 60 மில்லிகிராம், அதாவது சட்ட வரம்பைப் போல் இரு மடங்கு, எஞ்சியிருக்கும்.

இனி, குடிக்காத நம்மைப் பற்றியும் பேச வேண்டும். மஹாபாரதத்தின் மௌஸல பர்வத்தைப் படித்தவர்கள் அறிவார்கள். துவாரகையில் யாரும் மது காய்ச்சலாகாது என்று கடுமையான ஆக்ஞை பறைசாற்றப்பட்டிருந்தது. அதே யாதவர்கள் தீர்த்த யாத்திரையாகப் பிரபாஸத்துக்குச் சென்றபோது மதுவையும் எடுத்துச் சென்றார்கள். குடித்தார்கள், பழைய பகையைக் கிளறினார்கள், ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு மாண்டார்கள். ரிஷிகளின் சாபம் பின்னே நின்றது உண்மை. ஆனால் அச்சாபம் ஏறிவந்த வாகனம் மதுவே. அந்தக் கூட்டத்தில் வீரர்கள் பலர் இருந்தார்கள். குவளையைத் தட்டிவிட ஒரு கை எழவில்லை. ஆக்ஞை ஊரில் இருந்தது, யாத்திரையில் இல்லை.

2016 டிசம்பர் 15 அன்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கு ஒன்றில், நெடுஞ்சாலைகளுக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் கூடாதென்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. மறு ஆண்டில் சிற்றூர்களுக்கு அத்தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நீதிமன்றம் கடையைத் தள்ளி வைக்கலாம். குடித்தவன் கையிலிருந்து சாவியை வாங்கி வைப்பது அருகில் இருப்பவரால்தான் ஆகும். விருந்தில் ஊற்றிக் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பியவர், தெரிந்தே பின் இருக்கையில் ஏறி அமர்ந்தவர், "சீக்கிரம் போ" என்று தூண்டிய முதலாளி ஆகியோர் நாங்கள் ஓட்டவில்லையே என்று தப்ப முடியுமா? அக்குற்றத்துக்கு உடந்தையானவருக்கும் அதே தண்டனை என்று 188-ஆம் பிரிவு சொல்லுகிறது. தர்ம சாஸ்திரமும் செய்பவன், செய்விப்பவன், அனுமதிப்பவன் ஆகியோரைப் பாவத்தில் பங்காளிகளாகவே எண்ணுகிறது.

யாத்ரிகர்கள் அறியாமல் செய்யும் அபசாரம் ஒன்றையும் விஜ்ஞாபித்துக்கொள்ள வேண்டும். மதுவைத் தொடாத ஓட்டுநரையும் நாம் மயக்கத்தில் தள்ளுகிறோம். 17 மணி நேரம் தூங்காமல் விழித்திருப்பவனுடைய நிதானம், ரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுஸாரம் உள்ளவனுடைய நிலைக்கு ஏறக்குறைய ஒத்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். காலை 5 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 10 மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. நாம் புறப்பாட்டை ஸேவித்துப் பிரஸாதம் வாங்கி, வண்டியில் ஏறிக் கண்ணயர்கிறோம். ஓட்டுநர் எங்கே படுத்தார், என்ன சாப்பிட்டார், ஜலதோஷத்துக்குத் தூக்கம் தரும் மாத்திரை ஏதேனும் விழுங்கினாரா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? பார்த்தனுக்கு ஸாரதியாக நின்றவனை ஸேவிக்கும் நாம், நமக்கு ஸாரதியாக வந்தவரை மறக்கலாகாது. அவருக்குப் படுக்க ஓர் இடமும் உறங்க ஓர் இரவும் கொடுத்து, விடிந்த பின் புறப்படுவது யாத்திரைக்குக் குறைவாகாது.

திருத்தேரை இழுக்கும்போது சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். கட்டை போடுபவர்கள் சிலரே. தேர் வீதியில் திரும்புவதும் நிலையில் நிற்பதும் அவர்களால்தான். அவர்கள் தேர் ஓடத் தொடங்கிய பிறகு கட்டையைத் தேடிப் போவதில்லை. கையில் ஏந்திக்கொண்டே வருகிறார்கள். "எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறாயே" என்று வீட்டில் ஏசப்படுகிறவர்கள் உண்டு. குடித்த மகனிடமோ மாப்பிள்ளையிடமோ நண்பனிடமோ, "இன்று வண்டியை எடுக்காதே, சாவியைக் கொடு" என்று சொல்லும் தாய்மார்களும் தோழர்களும் அந்த ஏச்சைப் பொருட்படுத்த வேண்டாம். அதையும் குடித்த பிறகு சொல்வதைவிட, அவன் புத்தி தெளிவாக இருக்கும் பகலிலேயே சொல்லி ஸம்மதம் வாங்கிக்கொள்வது நலம். அப்போதுதான் கேட்பதற்கு உள்ளே ஒரு ஸாரதி இருக்கிறான்.

உத்ஸவம் ஸேவிக்க வந்த அனைவரும் க்ஷேமமாக இல்லம் சேர்ந்து, வழியில் எதிர்ப்படுவோர்க்கும் தீங்கின்றி, அடுத்த ஆண்டும் குடும்ப ஸஹிதமாக எழுந்தருள வேண்டுமென்று எம்பெருமான் திருவடிகளில் பிரார்த்திக்கிறேன்.